பஸ்ராக்கார வீட்டு முத்தரசு

நாச்சியாபுரத்தில் முத்தரசுவின் வீட்டுக்குப் பஸ்ராக்கார வீடு என்று பெயர். அவருடைய தாத்தாவின் அப்பா முத்துவீரன் 1915-இல் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து ஈராக்கில் நடந்த பஸ்ரா சண்டைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. குண்டு பட்டுச் செத்துப்போனார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

முத்தரசுவும் கேட்டதில்லை. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவருடமே மனைவி செந்தாமரை போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் சத்தியப்பிரியா புனேயில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசுவாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசும்.

அப்படியிருக்கையில் ஒருநாள் ஊராட்சித் தலைவர் பாண்டீஸ்வரன் வந்தான்.

"மாமா, போர்ல செத்த நம்ம ஊர்க்காரவுக பேரையெல்லாம் கல்லுல வெட்டிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால வைக்கப்போறோம். பஸ்ராக்காரர் செத்த தேதி மட்டும் வேணும்."

"எனக்கெங்கப்பா தெரியும்?"

"கேட்டுப் பாருங்க மாமா. கடைசி வரிய ஒங்களுக்காகச் சும்மா விட்டு வைக்கிறேன்."

கல் வந்துவிட்டது. ஐந்து பேர் பெயர், கீழே ஒரு வெற்று வரி. முத்தரசு தேடத் தொடங்கினார். டில்லியில் ராணுவ அலுவலகத்துக்கு எழுதினார். பஸ்ராவில் இறந்தவர்களின் பட்டியலைக் கைபேசியில் விரித்து வைத்துக்கொண்டு, முத்து என்று தொடங்கும் பெயர்களை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்தார். முத்துவீரன் அதில் இல்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு பழைய ஆவண அலுவலகத்தில் மாயக்கண்ணன் என்ற எழுத்தர் கிடைத்தார். முதுகுளத்தூர்க்காரர். அவருக்குப் புதன்கிழமைதான் பேச நேரம் இருக்கும். செவ்வாய்க்கிழமையே முத்தரசு என்னென்ன கேட்பது என்று தாளில் எழுதி வைத்துக்கொள்வார். இப்படியே ஒன்றரை வருடம் போனது.

"ஒரு பதிவு கெடச்சிருக்குண்ணே. நேர்ல வாங்க" என்றார் மாயக்கண்ணன் ஒரு புதன்கிழமை.

முத்தரசு போனார். தடித்த பதிவேடு ஒன்றைப் பிரித்து மாயக்கண்ணன் விரலால் தடவித் தடவிப் படித்தார். நாச்சியாபுரம் என்பதை என்னவோ போல எழுதியிருந்தார்கள். ஆனால் முத்துவீரனுடைய அப்பன் பெயர் சரியாக இருந்தது.

"அண்ணே, இவுக சண்டையில சாகலயே."

முத்தரசு நாற்காலியை ஏட்டுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பதினாறாம் வருசம் இடது கையில குண்டு பட்டு ரெண்டு விரல் போயிருக்கு. பம்பாய் ஆஸ்பத்திரியில வச்சிருந்து, அடுத்த வருசம் பட்டாளத்துலேர்ந்து அனுப்பிட்டாக. பென்சன் வாங்கினது கோலார் தங்கவயல் தபாலாபீஸ்ல. நாப்பத்தொண்ணு வரைக்கும் வாங்கியிருக்காக."

"சொந்தக்காரவுகன்னு யாரு பேரு போட்டிருக்கு?"

மாயக்கண்ணன் ஏட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாருமில்லைன்னு எழுதியிருக்குண்ணே."

பட்டாளம் அவரை அனுப்பிய அந்த வருடம் நாச்சியாபுரத்தில் முத்துவீரனுக்கு மனைவி இருந்தாள். மூன்று வயதில் மகன் இருந்தான். அந்த மகன்தான் முத்தரசுவின் தாத்தா. அந்த மனைவி தாலியைக் கழற்றிவிட்டு, அடுத்தவர் வயலில் களையெடுத்துப் பிள்ளையை வளர்த்தவள்.

மறுநாள் முத்தரசு ஊருக்குத் திரும்பாமல் தங்கவயலுக்குப் பஸ் ஏறினார். சுரங்கம் மூடி வெகு காலமாகியிருந்தது. தபால் நிலையத்தில் பழைய ஏடு எதுவும் இல்லை என்றார்கள். இடுகாட்டுக்குப் போனார். காவல்காரர் தமிழில்தான் கேட்டார், எந்த வருடம், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எந்த லைன் வீடு என்று. நாற்பத்தொன்று என்று மட்டும் சொன்னார் முத்தரசு. பெயர் அழிந்த கற்களுக்கு நடுவே உச்சி வெயில்வரை நடந்தார். ஓரிடத்தில் நின்றவருக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"ஒரு காயிதம் போட்டிருக்கலாம்ல?" என்று வாய்விட்டே கேட்டார். "விரல் போனா என்ன, வீட்டுல வேண்டாம்னா சொல்லியிருப்பாக?"

சுற்றிலும் யாரும் இல்லை. கொஞ்சநேரம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

ஊருக்கு வந்ததும் பாண்டீஸ்வரனிடம் நடந்ததைச் சொன்னார். அவன் சிரித்தான்.

"நூறு வருசத்துச் சங்கதி மாமா. ஏதாவது ஒரு தேதியப் போட்டு வெட்டிருவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே. வேணாம்ப்பா. அந்தப் பொம்பள உசுரோட இருந்த புருசனுக்குத் தாலிய அறுத்துட்டு நின்னா. அவருக்குக் கல்லு வேறயா?"

கல்லில் அந்த வரி வெறுமையாகவே நின்றுவிட்டது.

புதன்கிழமை மாயக்கண்ணனை அழைத்துத் தங்கவயல் போனதைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். "வேற ஏதாச்சும் வேணும்னா கூப்பிடுங்கண்ணே" என்றார். வேறு எதுவும் இல்லை. அடுத்த புதன்கிழமை கைபேசியைக் கையில் எடுத்த முத்தரசு, என்ன கேட்பது என்று தெரியாமல் மறுபடி மேசைமேல் வைத்தார். தேட ஆள் இருந்தவரை அவருக்குப் பேசவும் ஆள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏம்ப்பா அவரு வரல?"

"தெரியல தாயி."

"அத்தன வருசம் ஒருத்தர் எப்படிப்பா தனியா..." என்றவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"அந்த எடுகாட்டுல பாதிதான் பாத்தேன்" என்றார் முத்தரசு. "தை மாசம் மறுபடி போகணும்."

"தனியாவா போறீக?"

"வேற யாரு இருக்கா?"

"சரிப்பா, பாத்துப் போங்க" என்றாள் சத்தியப்பிரியா.