தட்டின் இடது பாதி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம். நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இது பட்டப்பகலில் என் கண் முன்னால் நடந்தது.

எழுபதுகளில் மெட்ராஸில் ஒரு டாக்டர், தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் பல வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தார். வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது என் வேலை. அப்படித்தான் பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, பழவேற்காட்டில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். ஏரியில் மீன் பிடிக்கப் போனபோது காற்றில் பாய்மரம் முறிந்து தலையில் விழுந்தும் பிழைத்தவர். கூடப் போன தம்பி தண்ணீரோடு போய்விட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்கு இடது பக்கம் என்று ஒன்றே கிடையாது. கண்ணில் கோளாறில்லை, மூளை அந்தப் பக்கத்தை மறந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகத்தில் பாதிதான் சவரம் செய்திருந்தார். மத்தியானம் அவர் மனைவி கன்னியம்மா சோறு போட்டு மடவை மீன் குழம்பு ஊற்றினாள், மனிதர் வலது பாதியை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் போடச் சொல்கிறார், இடது பாதி அப்படியே கிடக்கிறது. இடது பாதி வலப்பக்கம் வருகிற மாதிரி தட்டைத் திருப்பி வைத்தால் போதும், சாப்பிட்டுவிடுவார் என்பது டாக்டர் சொன்ன வழி. பெரிய கெட்டிக்காரி மாதிரி அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்து திருப்பி வைத்தேன்.

"வாணாம்மா," என்று கன்னியம்மா என் கையைப் பிடித்தாள். "அது எங்க கொழுந்தனாரு சோறு. அத்த இவரு துன்னுட்டா, பசியோட வந்து இவரக் கூப்புடுவாரு. ஒரு தபா இப்புடித்தான் கழுத்தளவு தண்ணிக்குப் பூட்டாரு."

பாவம், புருஷன் இப்படி ஆனதில் மனசு கெட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவர் மிச்சத்தையும் தின்று முடித்துவிட்டார். பிறகு, நம்பினால் நம்புங்கள், இத்தனை வருஷம் திரும்பாத மனிதர் மெல்ல இடது பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்து, "தோ வந்துகினே கீறேன்டா," என்று எழுந்தார்.

கன்னியம்மாவும் நானும் பாய்ந்து போனோம். ஆளுக்கொரு கையைப் பிடித்தோம், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். "நீ போய்ச் சோறு போடும்மா," என்று நான்தான் சொன்னேன், நானேதான். கன்னியம்மா ஓடிப் போய்ப் பானையில் இருந்ததைத் தட்டின் இடது பக்கம் அள்ளிப் போட்டு, மீனும் வைத்துவிட்டு ஓடி வந்தாள். "தம்பி, துன்னுப்பா. அவர வுட்டுடு," என்று அழுதாள். அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நானும் அவளோடு சேர்ந்து கெஞ்சினேன்.

திடீரென்று அவர் உடம்பு தளர்ந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். தட்டு காலி. நாய் இல்லை, பூனை இல்லை. யாரோ மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

கிளம்பும்போது கன்னியம்மா பஸ் வரைக்கும் வந்தாள். "எனக்கப்புறம் யாரும்மா போடுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிற்பாடு பொன்னேரிக்காரர் ஒருவர் சொன்னார். ஏகாம்பரம் இருக்கிறாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.