பேனாவில் போட்ட பிளஸ்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ஒருவேளை அக்கா' என்று பெயர். என்னைவிட ஆறு வயது இளையவர். இருந்தாலும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒருவேளை லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், ஒருவேளை மழை பிடித்துக்கொண்டால் என்று எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்தான். வீட்டு மனிதர்கள் அத்தனை பேருடைய ரத்த வகையையும் ஓர் அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்திருப்பார். இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளியா என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வரும்.

நாங்கள் ஒரு கணினி மொழியை உருவாக்குகிறவர்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதுவது அவர் வேலை. எழுதியதைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது என் வேலை. போன வருடம் 'ஸ்ட்ரிங்' பகுதியை அவரிடம் கொடுத்தேன். ஸ்ட்ரிங் என்பது பெரிய விஷயமில்லை, வரிசையாகக் கோத்த எழுத்துகள், அவ்வளவுதான். பெயர், முகவரி, வண்டி எண் எல்லாமே கணினிக்கு ஸ்ட்ரிங்தான். அதை வெட்ட, ஒட்ட, தேட, எண்ண என்று மொழியோடு கூடவே வரும் கட்டளைகள் நாற்பத்தேழு. ஒவ்வொன்றையும் தானே ஓட்டிப் பார்த்துத்தான் எழுதுவார். எழுத்தே இல்லாத ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் என்ன ஆகும், ஒரே எழுத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு கட்டளைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். எனக்குத் தலை வலிக்கும்.

அதில் ஒன்று வால் நறுக்கும் கட்டளை. பழைய கணினிகளில் பெயர் சின்னதாக இருந்தால், மீதி இடத்தைக் கோடுகளால் நிரப்பி வைப்பார்கள். இந்தக் கட்டளை கடைசியிலிருந்து அந்தக் கோடுகளைத் தின்றுகொண்டே வந்து, வேறு எழுத்தைக் கண்டதும் நின்றுவிடும். அதற்கு அழகான உதாரணம் ஒன்றை எழுதியிருந்தார். கீழே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: 'ஒருவேளை உங்கள் தகவலே கோட்டில் முடிந்தால், அந்தக் கோடும் போய்விடும்.'

"எந்தப் பேரும்மா கோட்டுல முடியும்? படிக்கிறவங்கள ஏன் பயமுறுத்துறீங்க?" என்றேன்.

"இல்ல சார், ஒருவேளை..."

"அந்த ஒருவேளையத்தான் எடுக்கச் சொல்றேன்."

அவர் தயங்கினார். நானே அந்த வரியை அடித்துவிட்டேன். பக்கம் வெளியானது. விளக்கத்தை யார் படித்தார்களோ தெரியாது; உதாரணத்தை மட்டும் ஆளாளுக்கு எடுத்துத் தங்கள் நிரலில் ஒட்டிக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு முற்பகல் அவரிடமிருந்து போன் வந்தது. தங்கைக்கு ஆபரேஷன் என்று விடுப்பில் இருந்தார். "சார், உடனே ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?" என்றார். அடுத்த தெருதான். போனேன்.

இரண்டாவது மாடியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்றிருந்தார். தங்கையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அவர் கையில் இரண்டு சீட்டுகள். போன வாரச் சீட்டில் தங்கையின் பெயருக்குப் பின்னால் கோடு கோடாக இருந்தது. ரத்த வகை என்ற இடத்தில் 'ஓ' என்ற எழுத்தும் ஏழு கோடுகளும். அடுத்தது அன்றைய சீட்டு. திங்கட்கிழமைதான் புதிய கணினித் திட்டத்துக்கு மாறியிருந்தார்கள். அதை எழுதிக் கொடுத்தவர்கள் எங்கள் மொழியில் வேலை செய்கிறவர்கள், எனக்குத் தெரிந்தவர்கள். இந்தச் சீட்டில் ஒரு கோடுகூட இல்லை, துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ரத்த வகை வெறும் 'ஓ'. பக்கத்தில் நீல மையில் ஒரு பிளஸ்.

"இது மெஷின் போட்டது இல்ல சார். யாரோ பேனாவுல போட்டிருக்காங்க. அவ நெகட்டிவ்."

அந்த ஏழு கோடுகளில் ஆறுதான் இடத்தை நிரப்ப வந்தவை. முதல் கோடு மைனஸ். எங்கள் வால் நறுக்கும் கட்டளை அதையும் சேர்த்துத் தின்றிருந்தது.

தங்கையின் கணவர் என்னைப் பார்த்து, "அக்கா எப்பவுமே இப்படித்தான் சார். ரெண்டு தடவை நர்ஸ்கிட்ட போய்க் கேட்டுட்டாங்க, பேசாம உட்காருங்கன்னு சொல்லிட்டாங்க. டாக்டருக்குத் தெரியாததா?" என்றார்.

"சார், ஒருவேளை நான்தான் அட்டையில தப்பா எழுதிட்டேனா? நான் போய் ரத்தத்த நிறுத்தப்போய் அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

நீங்கள் சொல்வதுதான் சரி என்று சொல்ல வேண்டியவன் நான். "எதுக்கும் கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அவர் படிகளில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

ரத்த வங்கி தரைத்தளத்தில் இருந்தது. ஜன்னலில் இருந்த ஊழியர் சீட்டைப் பார்த்துவிட்டு, "புது மெஷின்மா, சில சீட்டுல பிளஸ் விழ மாட்டேங்குது. நாங்களே போட்டுக்கிறோம். பத்துல ஒம்பது பேர் பாசிட்டிவ்தானே? ரெண்டு ரத்தத்தையும் கலந்தும் பார்த்தாச்சு, ஒத்துப்போச்சு" என்றார். கலந்து பார்க்கும் அந்தச் சோதனையில் இந்தத் தவறு பெரும்பாலும் சிக்காது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரத்தப் பை வைத்த பெட்டி மேலே போவதற்குத் தயாராக ஜன்னல் பலகையில் இருந்தது.

ஒருவேளை அக்கா ஜன்னலுக்குள் கையை விட்டு அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவ வகை பாருங்க. அதுவரைக்கும் இத விட மாட்டேன்" என்றார். கை விடவில்லை.

ஊழியர் முணுமுணுத்துக்கொண்டே, அங்கே வைத்திருந்த தங்கையின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து, மேலே மருந்து விட்டார். பாசிட்டிவ் என்றால் ரத்தம் திரியும். திரியவில்லை. வேறு கண்ணாடியில் மறுபடி செய்தார். அதிலும் திரியவில்லை. பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஆபரேஷன் அறைக்கு போன் செய்தார். இன்னும் ரத்தம் ஏற்றத் தொடங்கவில்லை.

ஒருவேளை அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்த சீட்டெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. ஊழியர் கோப்பைப் பிரித்து, பேனாவில் பிளஸ் போட்ட சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்தார். திங்கட்கிழமையிலிருந்து பதினொன்று. ஒவ்வொரு வார்டாக போன் செய்தார். ஐந்தாவது போனில் பதிலைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிரசவ வார்டு. சின்னப் பொண்ணு. நேத்தே ரெண்டு பை பாசிட்டிவ் ரத்தம் ஏத்திட்டாங்களாம்."

ஊழியர் அந்தச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மெஷின்ல இப்படி ஆகும்னு ஒருத்தரும் சொல்லலியே, யார் பண்ணின வேலை இது?" என்றார் ஊழியர்.

"அதுக்கு விளக்கம் எழுதினது நான்தாங்க" என்றார் அவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஊழியர் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.