சேலை உடுத்திவிட்ட படம்

செய்தி எனக்குக் கைபேசியில்தான் வந்தது. வேலை முடிந்து, இங்கே நோர்வேயில், புருசெத் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது யாரோ மரண அறிவித்தலை அனுப்பியிருந்தார்கள். நீலப் பட்டுச் சேலை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, பின்னால் ரோசாப்பூக்கள், நடுவில் றெஜினா அக்காவின் முகம். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் படத்தை எடுத்தவள் நான். அதில் அக்கா சேலை உடுத்தியிருக்கவில்லை.

வியர்வையில் ஊறிய பச்சை மேற்சட்டை போட்டிருந்தார். தொப்பியை அப்போதுதான் கழற்றியிருந்தார். தலையை வெட்டி எடுத்து வேறு யாருடையதோ சேலைமேல் ஒட்டியிருக்கிறார்கள். நெற்றியில் தொப்பி அழுத்திய கோட்டை மட்டும் அழிக்க மறந்துவிட்டார்கள். நம்பாதவர்கள் அந்த அறிவித்தலை எடுத்துப் பாருங்கள், கோடு இருக்கும்.

நானும் அக்காவும் அம்மருட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஒன்றாக வேலை செய்தோம். அடக்கப் பூசையில் பேசிய ஒருவர், அக்கா அதிர்ந்து பேசாதவர் என்றார். அண்டாவை யாராவது கழுவாமல் விட்டுப் போன நாளில் அக்கா போட்ட சத்தத்தை அந்த மனிதர் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் புருசெத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டில் இருவரும் நடப்போம். "ரயிலில முகம் பாக்காத சனம் காட்டுக்குள்ள வந்தா ஹாய் சொல்லுது. அதுக்காகவே நடக்கலாம்" என்பார். மழையென்றால் நான்தான் சாக்குச் சொல்வேன். அவர் வாசலில் சப்பாத்தோடு நிற்பார்.

வேலைத்தலத்து நோர்வேக்காரி ஒருத்தி கிரான் கனாரியாத் தீவுக்குப் போய் வந்து படங்கள் காட்டினாள். அங்கே ஒரு நடைபாதை. கல்லும் கள்ளியுமான பாலையில் தொடங்கி, மலையேறி, பைன் காட்டுக்குள் புகுந்து, மறுபக்கச் சரிவால் இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வட்டமாக வந்து சேரும். அக்கா மன்னாரில் பிறந்தவர். படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "மன்னார் வெக்கையில வெளிக்கிட்டு இந்தக் காட்டுக்க வாறது. நான் வந்த வழி மாதிரியே கிடக்கு. இதை நான் நடக்கவேணும்" என்றார்.

நடக்க விட்டார்களா? லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற மகளுக்கு இரண்டு குழந்தைகள். அக்கா பயணச்சீட்டு விலை பார்க்கத் தொடங்கினால் போதும், மழலையர் பள்ளி பூட்டிக் கிடக்கும், இல்லையென்றால் மருமகனுக்கு இரவு வேலை வந்துவிடும். பாலைவனத்தில் என்ன கிடக்கிறது என்று கணவர் கேட்டார். லூர்து மாதாவிடம் போவதென்றால் அந்த வீட்டில் கேள்வியே இல்லை. மலைக்குப் போவதென்றால் விசாரணை. ஆண்டுகள் அப்படியே போயின. கடைசியில் ஒருநாள் எனக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னார்.

அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை காய்கிறது. காலையிலேயே கல் சுட்டது. ஒதுங்க ஒரு நிழல் இல்லை. முதல் ஏற்றத்தில் அவருடைய கணவர் அழைத்து, குளிரூட்டியில் மீன்குழம்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை, கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எறிந்திருப்பேன். பிறகு முதல் பைன் மரம் வந்தது. எப்போதோ தீப்பிடித்து அடிமரம் கரியாகிக் கிடந்தது, மேலே பச்சையாக இருந்தது. அக்கா போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கரியான விரலை என் கன்னத்தில் பூசினார். அறுபதைத் தாண்டியவர்.

உச்சியில் அதேபோல் கரிந்த இன்னொரு பைன் மரம், பக்கத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை. பாதி தூரம் வந்துவிட்டோம் என்று அதில் இருந்தது. அங்கேதான் மகள் அழைத்தாள். சின்னவனுக்குக் காய்ச்சல், தான் வேலைக்குப் போகவேண்டும், சீட்டை மாற்றிக்கொண்டு நாளைக்கே வரமுடியுமா என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா கல்லொன்றில் குந்தினார். அவர் முகம் விழுந்துபோயிற்று. எத்தனை வருட ஆசை, பாதியில் போகப்போகிறதே. வந்த வழியே திரும்புவோமா என்று கேட்டேன். குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார். பிறகு எழும்பினார்.

"திரும்பினாலும் இவ்வளவுதான், போனாலும் இவ்வளவுதான். அப்ப போவம்."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி விசிறினார். மற்றக் கையிலிருந்த கைபேசி மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. நான் படம் எடுத்தேன்.

இறங்கி வந்த பிறகுதான் மகளை அழைத்தார். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுப்போய் அவன் விளையாடிக்கொண்டிருந்தான். மருமகன் விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொண்டாராம். ஒரு குடியும் மூழ்கவில்லை. அன்றிரவு அக்கா அந்தப் படத்தை மகளுக்கு அனுப்பினார். பதிலாக வந்தது "எப்ப வாறீங்கள்?" மட்டும். அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கால்களுக்கு எண்ணெய் தடவப் போனார்.

அடுத்த முறை அதே பாதையை மற்றப் பக்கத்தால் நடப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் குளிர்கால விடுமுறை வாரத்தில் போவதாக இருந்தோம். பள்ளிக்கூட விடுமுறை என்றால் பேரப்பிள்ளைகளுக்கும் விடுமுறைதானே. அக்கா அவர்களைப் பார்த்துக்கொள்ள லில்லெஸ்ட்ரோமுக்கு, மகள் வீட்டுக்குப் போனார். அங்கே சமையலறையில் தோசைக்கல்லுக்கு முன்னால் விழுந்தார். மாரடைப்பு என்றார்கள். அது எங்கே நின்றாலும் வந்திருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். வந்திருக்கட்டும். அந்த மரத்தடியில் வந்திருக்கலாம்.

முப்பத்தோராம் நாள் கொடுத்த நினைவு மலரின் அட்டையிலும் அதே நீலச் சேலைப் படம். உள்ளே எல்லோரும் எழுதியிருந்தார்கள், குடும்பத்துக்காகத் தன்னை உருக்கியவர் என்று. அவர் ஒரு மலை ஏறியதாக ஒரு வரி இல்லை. றோல்சும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து என் கையைப் பிடித்தாள். கண் வீங்கியிருந்தது. அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அம்மா எங்களை நினைச்சுத்தான் இப்பிடிச் சிரிச்சிருக்கிறா, என்ன அன்ரி?"

ஓம் என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல? இதை அவளும் வாசிப்பாள். வாசிக்கட்டும்.

றெஜினா அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது வெட்டாத அந்தப் படம் ஒன்றுதான். பின்னால் கரிந்த பைன் மரம் நிற்கிறது. ஒரு கையில் தொப்பி. மற்றக் கையில் கைபேசி ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அதில் மகளின் பெயர் தெரியும். அக்கா அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.