பாட்டுக்கு ஓர் உரிமையாளர்

எதையும் ஆண்டு, மாதத்தோடு குறித்துவைப்பது என் வழக்கம். இது நடந்தது இலவச டேட்டா சிம்முக்காக ஊரே ஆதார் நகலோடு நாமகிரிப்பேட்டைக் கடைவீதியில் வரிசை கட்டி நின்ற 2016ஆம் ஆண்டில், செப்டம்பர் மாதக் காலாண்டுத் தேர்வு விடுமுறையில். நான் எட்டாம் வகுப்பு. அந்த சிம் வரும்வரை என் தாய்மாமனுக்குத் தொழில்நுட்பம் குறித்துக் கருத்து எதுவும் இருந்ததில்லை. வந்தபின் எல்லாவற்றைப் பற்றியும் இருந்தது. பாஸ்வேர்டு என்பது மனிதனை அலைக்கழிக்கக் கண்டுபிடித்தது என்பார். காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிறவன் ஏமாளி என்பார். போன் எதற்கு அனுமதி கேட்டாலும், கேள்வியைப் படிக்காமலே சம்மதம் கொடுப்பார்.

அந்த விடுமுறையில்தான் எனக்கு மஞ்சள் நீராட்டுச் சீர் நடந்தது. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். பொங்கலுக்குத்தான் வர முடியும். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் சீர் வீடியோவை இணையத்தில் ஏற்றுவது, வண்டி டவுனுக்கு வரும்போது அவர் மேனேஜரின் போனில் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

வீடியோக்காரர் தண்டச்செலவு என்று மாமாவே தன் புதுப் போனில் எடுத்தார். ஓசியில் இறக்கிய மென்பொருளில் வெட்டி ஒட்டினார். முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டாகப் போட்டு ஏற்றினார். உடனே, போனில் இடம் அடைக்கிறதென்று எடுத்ததையெல்லாம் அழித்தும்விட்டார். நெட்டில்தான் பத்திரமாக இருக்கிறதே!

தலைப்பில் என் முழுப்பெயர், வகுப்பு, பள்ளி, ஊர். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தால் வகுப்புப் பையன்கள் என்னை என்ன பாடு படுத்துவார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

"மாமா, அதை எடுத்துப்போடுங்க."

"ஏஞ்சாமி, நல்லாத்தான இருக்குது?"

"அப்பா மட்டும் பாக்கற மாதிரி பூட்டி வெக்கலாமுங்களே."

"பூட்டறதுக்கு அதென்ன பீரோவா? அடுத்தவன் போன வாங்கி மச்சான் பூட்டத் தொறந்துட்டு உக்காந்திருப்பாரா? அதுவுமில்லாம, நான் வெச்ச சீர்த்தட்ட நாலு சனம் பாக்க வேண்டாமா?"

விஷயம் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. அம்மாவிடம் போனேன். "அண்ணன் ஆசைப்பட்டுச் செஞ்சது, உடு" என்றார்.

மாமாவின் மனைவியான அத்தைதான் இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுத்தார். அந்தத் தளத்திலேயே புகார் செய்தேன். இதில் இருப்பது நான், எனக்கு இதில் விருப்பமில்லை என்று தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் வரவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதில் பாதி மாமாவாகத்தான் இருக்கும்.

ஞாயிறு மதியம் மாமா வெளுத்த முகத்தோடு வந்தார். பாட்டின் உரிமையாளர் ஆட்சேபித்ததால் வீடியோ முடக்கப்பட்டதாக அறிவிப்பு வந்திருந்தது.

"பாட்டுக்காரன் புடிச்சுட்டான் அம்மிணி. பஸ்ஸுல போடறான், டீக்கடைல போடறான். நம்மூட்டுச் சீருக்குப் போட்டா மட்டும் உரிமையாமா!"

"கேசு கீசு வருமாண்ணா?" என்று அம்மா கேட்டார்.

அவ்வளவுதான். எதற்கும் அஞ்சாத மாமா, வாசலில் நின்றபடியே வீடியோவை அழித்தார், கணக்கையும் அழித்தார், போனையும் அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. என் முகத்துக்காக நான் போட்ட புகாருக்கு அசையாத இடம், ஒரு பாட்டுக்காக உடனே அசைந்தது. பாட்டுக்கு உரிமையாளர் இருந்தார். எனக்கு மாமா இருந்தார்.

அன்று எனக்கு எரிச்சல் ஏதும் இல்லை. தப்பித்துவிட்டேன் என்று வீடெல்லாம் குதித்தேன். சாயங்காலம் அப்பா அழைத்தார். வண்டி டவுனுக்கு வந்துவிட்டதாம், மேனேஜரின் போனை வாங்கிக் கையில் வைத்திருக்கிறாராம். அம்மா நடந்ததைச் சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தார்.

"போச்சுங்கப்பா! இனி யாராலயும் பாக்க முடியாது!"

"செரி, உடு சாமி." பின்னால் ஏதோ லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. "சேலை என்ன கலருல கட்டுனாங்க?"

"மாம்பழக் கலருங்க."

"பார்டரு?"

"பச்சைங்கப்பா."

"ம்ம். தலைக்கு என்ன பூவு வெச்சாங்க?"

எனக்கு வியப்பாக இருந்தது. அம்மா கட்டும் சேலையைப் பற்றிக்கூட ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்காத மனிதர், எதற்கு இப்போது துணிக்கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்கிறார்? மறுநாளைக்குப் புத்தகப்பை அடுக்க வேண்டும் என்று சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.