சுவரில் வடிந்த பச்சை

அந்தச் சேதி வந்தபோது பாசி மேடம் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. ஊசி போட்டதில் பாதி முகம் மரத்துப்போய், உதடு வேறு யாருடையதோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மடியில் இருந்த கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. டாக்டர் அடுத்த கருவியை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து அதைத் தூக்கிப் பிடித்தார். திரையில் கோடு கோடாகக் கிளை பிரியும் ஒரு மரத்தின் படம். அதற்குக் கீழே நாலே சொல்: "மேடம், நம்ம ஆளு தனிக்கிளை."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். மரத்த வாயோடு சிரித்தால் அது அழுகை போலத்தான் கேட்கும். டாக்டர் பதறிப்போய் வலிக்கிறதா என்றார். இல்லை என்று தலையாட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் காது வரை வழிந்தது. இன்னொரு ஊசி போடட்டுமா என்றார் டாக்டர். மேடம் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்னம்மா இது, உங்க குடும்ப வம்சாவளியா?"

"ஹாசி," என்றார் மேடம். பாசி என்று சொல்ல உதடு ஒட்டவில்லை.

அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. கல்லூரியின் தாவரவியல் துறையில் இருபத்திரண்டு வருடமாக எல்லோருக்கும் அவர் பாசி மேடம்தான். மகளை மருந்தியல் படிக்க வைத்து ஒரு மருந்துக்கடை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் ஆசை. பள்ளியில் ஒருநாள் ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சை ரிப்பனைச் சுருட்டி அடைத்தது மாதிரி ஒரு பாசி. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவரைத் தோளைப் பிடித்து இழுத்துத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. அப்பாவின் மருந்துக்கடை திறக்கும் முன்பே மூடியது அன்றைக்குத்தான்.

அவர் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தப்பிக்க முடியாது. காலடியில் மிதிபடும் புல்லிலிருந்து வானத்தைத் தொடும் மரம் வரை தரையில் நிற்கிற எல்லாவற்றுக்கும் மூதாதை நன்னீரில் வாழ்ந்த ஒரு பச்சைப் பாசி. கிட்டத்தட்ட ஐம்பது கோடி வருடங்களுக்கு முன்னால் அந்த வம்சம் மெல்ல ஈரத்தரைக்கு வந்து சேர்ந்தது. தண்ணீரிலேயே தங்கிவிட்ட பங்காளிகளில் அதற்கு மிக நெருக்கமானவர்கள் யார் யார்? மேடத்துக்கு வாழ்க்கையில் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பதிலில் ஒரு பகுதி துறையின் பின்பக்கச் சுவரிலேயே இருந்தது. ஏசியிலிருந்து தண்ணீர் வடிந்து வடிந்து அங்கே துண்டு அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு. முதல் வருடப் பிள்ளைகளுக்குக் காட்டச் சாதாரணப் பாசி ஏதாவது கிடைக்கும் என்று சுரண்டிக்கொண்டு வந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் பாடத்தை மறந்துவிட்டார். வழவழப்பான உறைக்குள் இரண்டு இரண்டாக உயிரணுக்கள். எந்தப் புத்தகத்தின் படத்தோடும் பொருந்தவில்லை. அதன் மரபணு வரிசையை ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் படித்து வாங்கினார். அதை மற்றத் தாவரங்களோடு ஒப்பிட்டு வம்ச மரம் போடும் வேலையைப் புள்ளியியல் துறையில் இருந்த இளைஞர் எடுத்துக்கொண்டார். எல்லோரும் அவரைக் கணக்கு சார் என்பார்கள். ஒரு மரம் போடக் கணினிக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். மூன்று முறை பாதியில் மின்சாரம் போய், மூன்று முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நாலாவது முறை முடிந்த நாளில்தான் மேடத்துக்குப் பல்வலி.

டாக்டர் விட்டதும் வாசலுக்கு வந்து வீட்டுக்காரரை அழைத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்நேரமும் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் இருப்பார்.

"ஹாசி கிடைச்சிருச்சு. ஹரத்துல தனி."

"யாரு ஹாசி? யார் வீட்டுப் புள்ள? எங்க தனியா நிக்குது?"

மேடம் மறுபடி சிரித்தார். அந்தப் பக்கம் அது மறுபடியும் அழுகையாகத்தான் போய்ச் சேர்ந்தது. கால் மணி நேரத்தில் மனிதர் கையில் ஸ்பேனரோடு, சட்டையெல்லாம் கிரீஸாக வந்து நின்றார். மேடம் கைபேசியைக் காட்டினார். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், மனைவியின் கோணல் வாயைப் பார்த்தார், பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்துகொண்டார். "அந்தச் செவுத்துப் பாசியா?" என்றார். அதன்பின் இருவரும் சிரித்த சிரிப்பில் மருத்துவமனையின் வரவேற்புப் பெண் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு, யாரும் அறியாத தனி வம்சம் என்று இவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட முடியாது. வேறு ஏதாவது அதில் கலந்திருக்கலாம். சோதனைக்கூடத்தில் வளர்க்கப் பார்த்ததெல்லாம் வெளுத்துச் செத்துப்போயிருந்தது. புதிதாகச் சுரண்டி எடுத்து மறுபடி படிக்க வேண்டும். மறுநாள் காலை சின்னக் கத்தியும் புட்டியுமாகப் பின்பக்கம் போனார் மேடம். சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் கட்டட மேற்பார்வையாளர், பாராட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"ரெண்டு வருஷமா அந்த அழுக்கையே வந்து வந்து பார்த்துட்டுப் போனீங்க மேடம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுறீங்கன்னு நெனச்சேன். நேத்து நானே நின்னு தேய்ச்சு, பெயின்ட் அடிச்சுட்டேன்."

மேடம் நன்றி சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்? நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து விலா வலிக்கச் சிரித்தார். மேடத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கணக்கு சார் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து வேட்டை. வீட்டுக்காரர் போகிற கட்டடத்தில் எல்லாம் ஏசிக் குழாய்க்குக் கீழே தலையை நீட்டினார். சாப்பாட்டு டப்பாவின் மூடியில் பச்சையை வழித்துக்கொண்டு வந்து, ஏழாம் மாடி, வடக்குப் பக்கம் என்று ஒட்டுத்தாளில் எழுதி நீட்டுவார். மேடத்தின் தங்கை தன் அடுக்குமாடிக் குடியிருப்பையே சல்லடை போட்டுச் சலித்தாள். கீழ்வீட்டுக்காரர் அவளைத் திருட வந்தவள் என்று நினைத்து விரட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பச்சை சேர்ந்தது. நாற்பத்தொன்றும் ஊரில் எங்கும் கிடைக்கிற சாதாரணப் பாசி. மேடத்துக்கு அலுப்பே வரவில்லை. ஒவ்வொன்றையும் பரிசுப் பொட்டலம் பிரிப்பவர் போல ஆவலாகக் கண்ணாடித் தகட்டில் வைத்தார்.

விஷயம் எப்படியோ மேற்பார்வையாளர் காதுக்கும் போனது. இரண்டு நாள் மனிதர் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் நாள் செய்தித்தாளில் எதையோ சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு கம்பி பிரஷ்.

"தேய்ச்சுட்டுப் பம்ப் ரூம்ல போட்டேன் மேடம், கழுவ மறந்துட்டேன். ஈரத்துலயே கெடந்துருக்கு. கம்பிக்கு நடுவுல பச்சையா தெரியுது. உதவுமா?"

மேடம் ஊசி முனையால் கொஞ்சம் எடுத்துத் தகட்டில் வைத்தார். பார்த்தார். எழுந்து நாற்காலியை மேற்பார்வையாளருக்குக் கொடுத்தார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு நிக்குது மேடம். என்னையே பார்க்குற மாதிரி இருக்கு."

மறுபடி மரபணு, மறுபடி பன்னிரண்டு நாள். இந்த முறை மின்சாரம் போகவில்லை. கிளை அசையாமல் அதே இடத்தில் நின்றது. கணக்கு சார் மரத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்து மாட்டினார். அன்று மாலை தங்கை வந்து அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். இந்தப் பாசிக்கும் முந்தி, அதற்கும் முந்தி என்று விரலை அடிமரம் வரைக்கும் இறக்கினாள்.

"மொதல் உயிர் எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

கடலடியில் வெந்நீர் பீறிடும் பாறைகளிலிருந்து என்பவர்கள் உண்டு, தரையில் காய்ந்து காய்ந்து நிரம்பிய குட்டைகளிலிருந்து என்பவர்களும் உண்டு என்று மேடம் சொன்னார். தங்கை விடவில்லை. அதெல்லாம் சரி, உனக்குத் தெரியுமா தெரியாதா என்றாள்.

"தெரியாதுடி. யாருக்கும் உறுதியாத் தெரியாது." சொல்லும்போது மேடத்துக்கு வாயெல்லாம் பல்.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையை மூன்று நிபுணர்கள் படித்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் பாராட்டினார்கள். மூன்றாமவர், காற்றின் ஈரம் குளிர்ந்து வடிகிற ஏசித் தண்ணீரில் இது எப்படி வந்து குடியேறியது என்று ஒரு கேள்வி போட்டார். நல்ல கேள்வி என்று மேடம் குதித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரோடு கல்லூரி மொட்டைமாடிக்கு ஏறினார். மாடியில் மழைநீர் இறங்கும் ஒரு பழைய குழாய் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, சரியாக அந்த ஏசிக்கு மேலே உடைந்திருந்தது. பாசி அதன் வழியாக மழைத்தண்ணீரோடு சுவருக்கு இறங்கியிருக்கலாம். மேடம் கைப்பிடிச் சுவரில் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டார். லிஃப்ட் வேலைக்கான இடுப்புப் பட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, வீட்டுக்காரர் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டார்.

"ஏதாவது தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. பச்சையா இருக்கு. இன்னும் ஒரு சாண் கீழ விடுங்க."

"இதுக்கு மேல விட்டா நீதான் தனிக்கிளை," என்றார் அவர்.

தலைகீழாகத் தொங்கியபடி மேடம் சிரித்த சிரிப்பில் புட்டி கைநழுவிக் கீழே செடிகளுக்குள் விழுந்தது. இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். காலை விடாமல் எப்படிப் போவது என்று கேட்டார் அவர். அதற்கும் சிரித்தார்கள்.