குளத்தில் பொங்கிய நுரை

ஆரணியில் துணி துவைக்கும் திரவத்தை வீட்டிலேயே கலக்கி விற்றுக்கொண்டிருந்தேன். நுரை வரவைக்கும் ஆசிட் ஸ்லரி, காஸ்டிக் சோடா, எலுமிச்சை வாசனை எல்லாம் கடையில் கிடைக்கும். கலக்கும் முறையை ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் அளவு பிசகி, டிரம் முழுக்கத் திரிந்துபோனது. கொல்லைச் சாக்கடையில் சாய்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

மாலையில் நல்ல மழை. விட்டதும் குளத்துப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. மகளை அழைத்துவரப் போனேன். சாக்கடை குளத்தில் விழும் இடத்தில் இடுப்பளவு நுரை. ஏழெட்டுப் பிள்ளைகள் அதை அள்ளி வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகளின் தலையெல்லாம் நுரை. காற்றில் எலுமிச்சை மணம்.

கத்திக்கொண்டே ஓடினேன். "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். "இன்னாக்கா, பசங்க ஆடிகினு இருக்கறதுக்கா இப்டி கத்துற?"

"அது நான் கொட்டினதுடி. அதுல காஸ்டிக் இருக்குது. ஜல்தி தண்ணி கொண்டா!"

இருவரும் குடம் குடமாக ஊற்றிக் கழுவினோம். மற்ற பிள்ளைகளுக்கு அரிப்போடு போயிற்று. என் மகள் மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை. "எரியுதும்மா" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்னென்ன கலந்தீங்க?" ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அந்த ஸ்லரின்னா என்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை. வாரம் தவறாமல் கையால் அள்ளிய பொருள் அது. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அதெல்லாம் தெரியாதுமா. எல்லாரும் வாங்கினு போறாங்க."

மகளுக்குப் பார்வை போய்விடும் என்றே நினைத்தேன். டாக்டர் கண்ணை நெடுநேரம் கழுவி, கட்டுப்போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்து, அவள் கண் திறந்து என்னைப் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இடையில், மறுநாள் காலையிலேயே குளத்தில் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. கொத்தித் தின்ன ஒரு கொக்கு இறங்கியது. அதுவும் செத்துவிடுமோ என்ற பயத்தில் கல்லெறிந்து விரட்டினேன். திரும்பத் திரும்ப வந்தது. அதன் பிறகு வீடு வீடாகப் போய், நான்தான் கொட்டினேன், குளத்துத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டாதீர்கள் என்று சொன்னேன். ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்கள்.

திரும்பிவந்தபோது பக்கத்து வீட்டுக்காரி கரையில் நின்று, துடைப்பத்தை ஓங்கிக் கொக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். "நீ போய்ப் பொண்ணப் பாருக்கா" என்றாள்.