சம்பந்தி எடுத்துப் போன கடல்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையைப் பெண் பார்க்க, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்திருந்தார். சொஜ்ஜி, பஜ்ஜியெல்லாம் முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

“பொண்ணு புடிச்சிருக்குங்க. ஆனா காரைக்கால் சம்பந்தம்னாலே எங்க ஊர்ல சிரிக்கிறாங்க. குடிகார ஊராச்சேன்னு... போயி கடுதாசி போடறேன்.”

‘கடுதாசி போடறேன்’ என்றால் என்ன அர்த்தம்? பெண்ணைப் பெற்றவர்களைக் கேளுங்கள்! அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! தமிழ்நாட்டில் மறுபடி மதுவிலக்கு வந்தாயிற்று; யூனியன் பிரதேசமான எங்கள் ஊரில் இல்லை. பஸ் பஸ்ஸாக இங்கே வந்து குடிப்பது யார்? அவர் ஊர்க்காரர்கள். கெட்ட பெயர் எங்களுக்கு! ஆனால் கோபத்தைக் காட்ட முடியுமா? பெண் வீட்டுக்காரன் ஆயிற்றே...

“பஸ்ஸுக்கு நேரமிருக்கு. ஊரைப் பாக்கலாம், வாங்க” என்றேன்.

“அப்படியே கொஞ்சம் கடல் தண்ணி எடுத்துக்கணும். வீட்டுல தெளிச்சா திருஷ்டி போகும். பாட்டில் இருக்குங்களா?”

எங்கள் வீட்டில் ஏது பாட்டில்? பக்கத்து வீட்டு சொல்தா மாமாவிடம் போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அவரிடம் காலி பாட்டிலுக்கா பஞ்சம்? ஒன்றை வாங்கி நன்றாகக் கழுவினேன். லேபிளைக் கிழிக்கத் தோன்றவில்லை. பிராந்தி லேபிளெல்லாம் காரைக்கால்காரன் கண்ணில் படுமா என்ன!

துறைமுகத்தைக் காட்டினேன். “கப்பல் எங்கங்க?” என்றார். கப்பல் இருந்தால்தான் துறைமுகமா? பெயர் இருக்கிறது, போதாதா? அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வந்ததும் மனுஷன் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அலை அடிக்க அடிக்க ஒரே சிரிப்பு. பாட்டிலையும் நிரப்பிக்கொண்டார்.

மரியாதைக்காக நானும் அவரோடு பஸ் ஏறினேன். அம்பகரத்தூர் தாண்டி தமிழ்நாட்டு செக்போஸ்ட். கான்ஸ்டபிள் ஏறினார். பையைத் துழாவினார். பாட்டில் வெளியே வந்தது.

“என்னய்யா இது?”

“கடல் தண்ணிங்க.”

பஸ்ஸே சிரித்தது. பாதிப் பேர் சம்பந்தியின் ஊர்ப் பக்கத்து ஜனம். மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கு மட்டும் என்ன? தங்கை கல்யாணம் இதோடு சரி... சம்பந்தியைப் போலீஸில் பிடித்துக் கொடுத்த புண்ணியவான் நானாகத்தான் இருப்பேன்!

கான்ஸ்டபிள் மூடியைத் திறந்தார். மோந்தார். நம்பிக்கையில்லை. உள்ளங்கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தார்.

“த்தூ! உப்பு!”

அந்த முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே! “காரைக்கால் வரைக்கும் போயி இதையா தூக்கிட்டு வர்றீங்க?” என்று நொந்துகொண்டே இறங்கிப் போனார்.

சம்பந்தி எழுந்து நின்றார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “பாத்துக்கிட்டீங்கள்ல? பிராந்தி பாட்டில்லகூட கடல் தண்ணிதான்! இதாங்க நான் சம்பந்தம் பண்ணப்போற வீடு!” பிறகு என் பக்கம் திரும்பி, “கடுதாசியெல்லாம் எதுக்கு? நாள் பாத்துடுங்க தம்பி” என்றார்.

தை மாதம் எங்கள் ஊரிலேயே முகூர்த்தம். முதலில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் என்றார்கள். இப்போது ரெண்டு பஸ்ஸாம்.

எல்லாரும் கடல் பார்க்கத்தான் வருகிறார்களாம்... நம்புவோம்!